ரிலீவர் இல்லாத லைன்

எங்கள் கம்பெனியின் கேட்டைத் தாண்டி உள்ளே போனால் எதிர்ச் சுவரில் ஆளுயர எழுத்தில் 'நாம் ஒரே குடும்பம்' என்று எழுதியிருக்கும். அதை எழுதச் சொன்னவர் எந்தக் குடும்பத்தில் வளர்ந்தாரோ எனக்குத் தெரியாது. நான் வளர்ந்த குடும்பத்தில் சாப்பாட்டுக்குக் கஷ்டம் இருந்தது, துணிமணிக்குக் கஷ்டம் இருந்தது. ஆனால் ஒன்றுக்குப் போவதற்கு யாரிடமும் கைதூக்கி அனுமதி கேட்டு நின்றதில்லை.

ஒரகடத்தில் இருக்கிற, கார்களுக்கு ஒயர் கட்டிக் கொடுக்கும் கம்பெனி. காருக்குள் நரம்பு மாதிரி ஓடும் ஒயர்கள் எல்லாம் முதலில் எங்களைப் போன்ற பெண்களின் கையில்தான் ஒரு கொத்தாகச் சேர்கின்றன. பெரிய பெரிய பலகைகள் வரிசையாக, நிற்காமல், மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். ஒயர் போகவேண்டிய வழியைப் பலகையில் வரைந்து ஆணி அடித்து வைத்திருப்பார்கள். பலகை என் முன்னால் வரும்போது எனக்கான ஒயர்களை அந்த வழியில் படுக்கவைத்து, முனையை கனெக்டரில் 'டக்'கென்று சத்தம் கேட்கும்வரை அழுத்தி, டேப் சுற்றி அடுத்தவளிடம் விடவேண்டும். விட்டு நிமிர்வதற்குள் அடுத்த பலகை வந்துவிடும். காலையில் ஷிப்ட் ஆரம்பித்தால் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை இதே கதைதான். பலகைக்கு மூத்திரம் வராது. எங்களுக்கு வரும்.

இதற்கென்று லைனுக்கு ஒரு ரிலீவர் உண்டு. எல்லா இடத்து வேலையும் தெரிந்தவள். யாராவது பாத்ரூம் போகவேண்டுமென்றால் அவள் வந்து அந்த இடத்தில் நிற்பாள். போனவள் திரும்பியதும் நகர்ந்துகொள்வாள். எங்கள் லைனுக்கும் பேருக்கு ஒரு ரிலீவர் இருந்தாள். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வரும் ஓர் அக்கா. யாரோ ஒருத்தி லீவு போட்டாள் என்று ஒருநாள் அக்காவை அந்த இடத்தில் நிறுத்தினார்கள். லீவு போட்டவள் திரும்பி வரவேயில்லை. அக்காவும் அந்த இடத்தைவிட்டு நகரவேயில்லை. ஆனாலும் நாங்கள் அவளை 'ரிலீவர் அக்கா' என்றே கூப்பிட்டு வந்தோம். கேலிக்குத்தான். கோபித்துக்கொள்ளமாட்டாள். கழுத்தில் கிடக்கும் சிலுவையைத் தொட்டுக்கொண்டு, "சிரிங்கடி, சிரிங்க. ஆண்டவரு பாத்துகினுதான் கீறாரு" என்பாள்.

ரிலீவர் இல்லாத லைனில் என்ன செய்வது? நாங்களே ஒரு வழி வைத்திருந்தோம். யார் ஆரம்பித்தது என்று தெரியாது, நான் சேரும்போதே அந்தப் பழக்கம் இருந்தது. போகவேண்டியவள் தலையைத் திருப்பாமல், பக்கத்தில் நிற்பவளிடம் "தாங்கிக்கோ" என்பாள். இடதுபக்கத்துக்காரி அவளுடைய ஒயரில் பாதியைப் போடுவாள். வலதுபக்கத்துக்காரி மீதியைப் போட்டு டேப்பும் சுற்றிவிடுவாள். கை கால் எல்லாம் பறக்கும், முதுகில் வேர்வை ஓடும், ஆனால் பலகை நிற்காது. போனவள் ஓடிவந்து தன் இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள். சூப்பர்வைசருக்குத் தெரியும். தெரியாத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். பலகை நகர்கிறவரைக்கும் அவருக்கும் நிம்மதி. எங்களுக்கு அந்த வித்தையில் ஒரு பெருமைகூட இருந்தது. மற்ற லைன்காரிகளிடம், "எங்க லைன்ல ஆளு போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது" என்று பீற்றிக்கொண்டிருக்கிறோம்.

எனக்கும் ரிலீவர் அக்காவுக்கும் நடுவில் நின்றவள் தென்காசிப் பக்கத்துப் பெண். ட்ரெய்னி. ட்ரெய்னி என்றால் கற்றுக்கொள்ள வந்தவள் என்று ஊரில் நினைப்பார்கள். இங்கே அது ஒரு சட்டையின் நிறம். நாங்கள் பர்மனென்ட், நீலச் சட்டை. அவர்கள் ட்ரெய்னி, சாம்பல் சட்டை. ஒரே பலகை, ஒரே ஒயர், ஒரே வேகம். புதிதாக வருபவர்களுக்கு அவள்தான் சொல்லிக்கொடுப்பாள், அவர்கள் எல்லாம் தேறிய பிறகும் அவள் ட்ரெய்னிதான். பென்னலூரில் ஹாஸ்டல். பேச ஆரம்பித்தால் அவளுடைய தென்காசித் தமிழைக் கேட்கவே நாலு பேர் சேர்ந்துவிடுவார்கள்.

அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தாள். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எங்களில் பாதிப்பேர் அப்படித்தான். ஷிப்டுக்கு வருமுன் தொண்டை நனைகிற அளவுக்குக் குடிப்பது, பிறகு வீட்டுக்குப் போய்த்தான். அவளுக்கு அது காய்ச்சலில் கொண்டுபோய் விட்டது. அடிவயிற்றில் எரிச்சல், நடுக்கம். ஸ்ரீபெரும்புதூரில் டாக்டரிடம் போய்விட்டு வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"எக்கா, நிறையத் தண்ணி குடி, அதுதான் மருந்துன்னு டாக்டரம்மா சொல்லுதாவ. குடிச்சா லைனுக்கு யாரு பதில் சொல்லுவா, அவியளா வந்து நிப்பாவ?"

"குடிடி நீ. நாங்க ரெண்டு பேரும் இன்னாத்துக்கு கீறோம்? தாங்கிக்கிறோம்" என்றேன். அக்காவும் தலையாட்டினாள்.

சொன்னபடி தாங்கினோம். அவள் அடிக்கடி போகவேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் வேலையை நானும் அக்காவும் பங்கு போட்டுக்கொண்டோம். செய்யச் செய்ய எங்கள் கைக்கு அது பழகிவிட்டது. எந்த ஒயரை நான் எடுப்பது, எதை அக்காவுக்கு விடுவது என்று வாயால் பேசிக்கொள்ளவே வேண்டியதில்லை. அவள் காய்ச்சல் விட்டது, முகம் தெளிந்தது. பெரிய பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து காலடியில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் இன்ஜினியர் பையன் ஒருவன் கேமராவோடு வந்தான். நல்ல பையன், மரியாதையாகப் பேசினான். எங்கள் இடத்துக்கு எதிரே கேமராவை நிறுத்தி வேலை செய்வதைப் படம் எடுத்தான். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. ரிலீவர் வேண்டும் என்று நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம் அல்லவா, அதற்காகத்தான் பார்க்கிறார்கள் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். சூப்பர்வைசரும், "நல்லா செய்ங்கம்மா, மேல வரைக்கும் இது போவும்" என்றார். தலைமுடியை ஒழுங்காகக் குல்லாவுக்குள் தள்ளிக்கொண்டு, கல்யாண வீடியோவுக்கு நிற்கிற மாதிரி நின்று வேலை செய்தோம்.

தென்காசிக்காரி முடிந்தவரைக்கும் அடக்கிப் பார்த்தாள். பிறகு, "எக்கா" என்றாள். குரலிலேயே தெரிந்துவிட்டது. கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது, அவள் இடம் காலியாகி, பலகை வேலை முடியாமல் போனால் படத்தில் அவள்தான் மாட்டுவாள். "போடி" என்றேன். அவள் போனாள். நானும் அக்காவும் அன்றைக்குத் தாங்கிய மாதிரி என்றைக்கும் தாங்கியதில்லை. ஒரு ஒயர் பிசகவில்லை. டேப் ஒரு சுற்று கூடவில்லை. அந்தப் பையன் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

சில நாள் கழித்து காலைக் கூட்டத்தில் என்னையும் அக்காவையும் முன்னால் கூப்பிட்டார்கள். மேனேஜர் வந்திருந்தார். டீமுக்கே முன்மாதிரி என்றார். மைசூர்பாகு கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். கூட்டத்தில் சாம்பல் சட்டையோடு நின்ற தென்காசிக்காரியும் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கைதட்டினாள். அப்புறம் மேனேஜர் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார். மூன்று பேர் செய்கிற வேலையை இரண்டு பேர் எவ்வளவு அழகாக, லைன் நிற்காமல் செய்கிறார்கள் பாருங்கள் என்றார். அதனால் அடுத்த மாதத்திலிருந்து நடு இடம் தேவையில்லை, அந்த இடத்து ட்ரெய்னிக்கு ட்ரெய்னிங் முடிந்துவிட்டது என்றார். தட்டிக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது என்பார்களே, அது இதுதான். வைத்தது நாங்கள், விழுந்தது அவள் தலையில். என் வாயில் மைசூர்பாகு இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அன்றைக்குப் படப்பைக்குத் திரும்பும் கம்பெனி பஸ்ஸில் வழக்கமான சத்தம் இல்லை. சாம்பல் சட்டைக்காரிகள் எல்லாம் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்த ஒருத்தி, என்னைப் போல் நீலச் சட்டைக்காரி, சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "வுடு, ட்ரெய்னிதானே. இன்னிக்கி இல்லாட்டி நாளைக்கு அனுப்பத்தான் போறான். நம்ம தலை தப்பிச்சுதேன்னு பாரு" என்றாள்.

"தப்பிச்சுதா? மூணு பேர் வேலைய ரெண்டு பேரு செய்யலாம்னு கண்டுபுடிச்சவன், அந்த ரெண்ட ஒண்ணா ஆக்கமாட்டான்னு உனக்கு எவன் சொன்னான்?" என்று கத்திவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். பின்னால் உட்கார்ந்திருந்தவர்களும் பார்த்தார்கள் என்பதை இறங்கும்போதுதான் கவனித்தேன்.

என் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் வேறொரு கம்பெனியில் பர்மனென்டாக இருந்தவர். இப்போது சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் ஒரகடத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "நீ வாய வச்சிகினு சும்மா இரு, உன் வேலை போனா வூட்ட யாரு பாக்கறது" என்று சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்க கம்பெனில மொதல்ல கான்ட்ராக்ட் பசங்களத்தான் வெளிய போட்டான். கேட்டாண்ட வெயில்ல நின்னாங்க. நாங்க பர்மனென்ட்டு எல்லாம் பஸ்ல ஸ்க்ரீன இழுத்துவுட்டுகினு உள்ள போனோம். அப்புறம் எங்கள வெளிய போட்டப்போ, நாங்களும் போய் அதே கேட்டாண்ட நின்னோம். உள்ள போன பஸ்ஸுல ஸ்க்ரீன் போட்டிருந்துது" என்றார். ஆட்டோ சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் கேன்டீனில் தென்காசிக்காரி தட்டோடு எங்கள் மேஜைக்கு வந்தாள். அழுத முகம் இல்லை. கோபமான முகம். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். விடவில்லை.

"நான் பாத்ரூம் போனது தப்புங்கியளா?"

"யாருடி அப்பிடிச் சொன்னா?"

"பெறகு எதுக்குக்கா ஒளிச்சி வச்சு தாங்கணும்? நான் அங்க இல்லைன்னு அவனுக்குத் தெரியக்கூடாதுன்னு நீங்க பாத்தீய. அவனுக்கு வேற ஒண்ணு தெரிஞ்சி போச்சி, நான் வேண்டாம்னு தெரிஞ்சி போச்சி. இனிமே எனக்குத் தாங்காதீய. ஆருக்கும் தாங்காதீய."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. காய்ச்சலில் கிடந்தவளுக்கு முதுகு ஒடியத் தாங்கியவர்கள் நாங்கள். என்ன வாய் இவளுக்கு என்று நினைத்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். பிசையப் பிசையத்தான் அவள் சொன்னது உறைத்தது. ஆள் இல்லாத இடம் காலியாகத் தெரியவேண்டும். தெரிந்தால்தான் அங்கே ஆள் வேண்டும் என்று அவனுக்குப் புரியும். நாங்கள் இத்தனை காலமும் எங்கள் கையால் அந்தக் காலியிடத்தை மூடி மூடி வைத்திருக்கிறோம். கம்பெனி கொடுக்கவேண்டிய ரிலீவரை எங்கள் உடம்பிலிருந்து பிய்த்து நாங்களே கொடுத்திருக்கிறோம்.

ஒவ்வொரு இடத்திலும் தூணில் ஒரு சிவப்புப் பட்டன் இருக்கும். அதற்கு மேலே, 'வேலை முடியாத பலகையை அடுத்தவருக்கு அனுப்பாதே. பட்டனை அழுத்து' என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். எழுதினது நாங்கள் இல்லை, அவர்கள். அழுத்தினால் லைன் நிற்கும். எந்த லைன் நிற்கிறது என்று தூரத்திலிருந்தே தெரிவதற்காக ஒவ்வொரு லைனுக்கும் ஒரு பாட்டு வைத்திருந்தார்கள். எங்கள் லைனுக்குக் குழந்தைகளின் பொம்மை ரயிலில் வருகிற மாதிரி ஒரு கிணிகிணி சத்தம். ஒயர் தீர்ந்துபோனால், கனெக்டர் உடைந்திருந்தால் அழுத்துவோம். ஆள் இல்லை என்பதற்காக யாரும் அழுத்தினதில்லை. அழுத்தக்கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை.

இனி யாரும் யாருக்கும் தாங்குவதில்லை. போகவேண்டியவள் போவாள், இடம் காலியாக இருக்கும், முடியாத பலகை வந்தால் சுவரில் எழுதியிருக்கிறபடி பட்டனை அழுத்துவோம். இதைத்தான் பஸ்ஸிலும் கேன்டீனிலும் கை கழுவுகிற இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினோம். சாம்பல் சட்டைக்காரிகள் முதலில் நம்பவில்லை. "எல்லாஞ் சரி, மொதல்ல போறவ யாரு? நாங்க போனா அன்னிக்கே கேட்டுக்கு வெளிய. நீங்க வேடிக்கை பாப்பீங்க" என்று ஒருத்தி மூஞ்சிக்கு நேராகவே கேட்டாள். நியாயமான கேள்வி. பூனைக்கு மணி கட்டப் பூனைக்குட்டியை அனுப்பக்கூடாது. நீலச் சட்டைதான் முதலில் போவது, நீலச் சட்டைதான் பட்டனை அழுத்துவது, சாம்பல் சட்டைகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும் என்று முடிவானது. முதலில் நான் போவது. பலகை தென்காசிக்காரியைத் தாண்டி ரிலீவர் அக்காவிடம் வந்ததும் அக்கா அழுத்துவது.

அக்காதான் ஒத்துக்கொள்ளவில்லை. கோபமே வராதவளுக்குக் கோபம் வந்தது.

"பக்கத்துல கீறவ தவிக்கச் சொல்லோ கையக் கட்டிகினு நிக்கணுமா? ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கோயில்ல உக்காந்து இன்னாத்த கேட்டுகினு வரேன் நானு? இது பாவம்டி. என்னால ஆவாது."

"பாவம்னா, அன்னிக்கி தாங்கனமே, அது புண்ணியமாக்கா? அந்தப் புண்ணியந்தான் இவ வேலைய தூக்கிச்சி" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம், அவள் கண் கலங்கிவிட்டது. ஆனால் சொல்லாமல் எப்படி விடுவது? கடைசியில், "அழுத்தறேன்" என்றாள். முகத்தில் சம்மதமே இல்லை.

அந்த வாரமே ஒரு காலை ஷிப்ட். பலகைகள் நகர்ந்துகொண்டிருந்தன. வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருந்தேன், நடிப்புக்குப் போவதாக இருக்கக்கூடாது என்று. நேரம் வந்ததும் க்ளவுஸைக் கழற்றி மேஜையில் வைத்தேன். பழக்கத்தில் 'தாங்கிக்கோ' என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு நடந்தேன். ஓடவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த பாத்ரூமுக்கு நான் நடந்து போனது அதுதான் முதல் தடவை.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும் பயம் வந்தது. வேலை போய்விடுமே என்கிற பயம் இருந்தது. அதைவிடப் பெரிய பயம், பாட்டு கேட்கவில்லையே என்பது. கேட்கவில்லை என்றால் அக்கா தாங்கிவிட்டாள் என்று அர்த்தம். அவள் கையை எனக்குத் தெரியும். விழுகிறதைப் பிடிக்காமல் அந்தக் கையால் இருக்கமுடியாது. அவள் மட்டும் தாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது. இன்னொரு தடவை எல்லோரையும் ஒன்று சேர்க்க முடியாது, மாதம் முடிந்தால் தென்காசிக்காரி பெட்டியைக் கட்டவேண்டியதுதான். கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். வெளியே மெஷின் சத்தம்தான் கேட்டது. 'அழுத்துக்கா, அழுத்துக்கா' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கிணிகிணி என்று ஆரம்பித்தது பொம்மை ரயில்.

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நிதானமாகக் கைகால் கழுவினேன். சோப்புப் போட்டுக்கூடக் கழுவினேன். திரும்பி நடந்து வந்தால் லைன் நிற்கிறது, சிவப்பு விளக்கு சுற்றுகிறது. என் ஒயர் ஒன்றும் இல்லாமல் பலகை வெறுமையாக, ஊரே பார்க்கிற மாதிரி நிற்கிறது. ரிலீவர் அக்கா தன் இடத்தைவிட்டு ஓடிவந்து, என் ஒயர்களைக் கையில் பிடித்தபடி அழுதுகொண்டு நிற்கிறாள். அவள் மணிக்கட்டைத் தென்காசிக்காரி இடதுகையால் இறுக்கிப் பிடித்திருக்கிறாள். வலதுகை பட்டன்மேல் இருக்கிறது.

நான் பயந்தபடியேதான் நடந்திருந்தது. பலகை வெறுமையாக வருவதைப் பார்த்ததும் அக்காவின் மனசு கேட்கவில்லை. தாங்க ஓடி வந்துவிட்டாள். அழுத்தக்கூடாதவள் அழுத்திவிட்டாள்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "இன்னாம்மா ஆச்சு? ஒயர் இல்லியா?"

"ஒயரு இருக்கு சார். ஆளு இல்ல" என்றாள் தென்காசிக்காரி.

"ஆளு எங்க போச்சு?"

"பாத்ரூம் போயிருந்தேன் சார்" என்றேன் நான்.

"நீ தாங்கிக்கறதுதானே?" என்று அவர் அவளைப் பார்த்துக் கத்தினார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்தும் வந்தது. அத்தனை நாளும் அவர் எங்கள் பக்கம் திரும்பாமல் இருந்ததெல்லாம் எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டு என்று அப்போது தெரிந்தது.

"எனக்குத்தான் ட்ரெய்னிங் முடிஞ்சிட்டுல்லா சார்" என்றாள்.

லைனை ஓடவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கோடியில் நின்ற இன்னொரு நீலச் சட்டைக்காரி க்ளவுஸைக் கழற்றினாள். பஸ்ஸில் 'தலை தப்பிச்சுது' என்றவள்தான். மறுபடி பொம்மை ரயில். அவள் திரும்பியதும் இன்னொருத்தி. அதற்குள் விஷயம் பக்கத்து லைனுக்குப் போய்விட்டது. அங்கே நாதஸ்வரம் மாதிரி ஒரு பாட்டு, அதற்கு அடுத்த லைனில் குயில் கூவுகிற மாதிரி ஒன்று. எல்லாம் சேர்ந்து ஷெட் முழுக்கக் கலந்து அடித்தன. திருவிழாக் கடைத்தெருதான். எங்களுக்கு ரிலீவர் வேண்டும், நடு இடத்தை எடுக்கக்கூடாது என்று நாங்கள் எத்தனையோ தடவை வாயால் கேட்டிருக்கிறோம். அன்றைக்குத்தான் அது மேலே மேனேஜரின் கண்ணாடி அறை வரைக்கும் கேட்டது. ஒருத்தியும் கோஷம் போடவில்லை. ஒருத்தியும் வெளியே போய் உட்காரவில்லை. ஒன்றுக்குப் போனோம், அவ்வளவுதான்.

சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் லைனில் பத்துப் பதினைந்து பேரை எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். ஏசி குளிரில் வரிசையாக நிற்கவைத்தார்கள். இதற்குத் தலைவி யார் என்று தெரிந்தாக வேண்டுமாம். "தாங்கக்கூடாதுன்னு உங்களுக்குச் சொன்னது யாரு? பேரைச் சொல்லுங்க, மத்தவங்க போகலாம்" என்றார் அந்த அதிகாரி.

எனக்கு வாய் துறுதுறுத்தது. அதற்குள் என் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. ரிலீவர் அக்கா. சிலுவையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தாங்கச் சொல்லி யாரு சார் சொன்னாங்க? அத்தினி வருஷம் தாங்கனமே, அப்போ இதே மாதிரி கூப்ட்டு வச்சி யாருன்னு கேட்டீங்களா? மைசூர்பாகு இல்ல குடுத்தீங்க?"

அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். விரல் எல்லாம் ஜில்லென்று இருந்தது. காலமெல்லாம் யாரையும் எதிர்த்துப் பேசாதவள், தாங்காமல் இருக்கத் தெரியாதவள், அங்கே எங்கள் எல்லோரையும் தாங்கிவிட்டாள்.

அவர்கள் பெருந்தன்மையாக எதுவும் செய்துவிடவில்லை. மறுநாளும் பாட்டு ஓடியது, அதற்கு மறுநாளும் ஓடியது. சரக்கு ஏற்றிப் போகவேண்டிய லாரி ஷெட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. பிறகுதான் சத்தமில்லாமல் இறங்கி வந்தார்கள். அக்காவை அந்த இடத்திலிருந்து விடுவித்து நிஜமாகவே ரிலீவர் ஆக்கினார்கள். அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாள். நடு இடத்தை எடுக்கும் யோசனை 'ஒத்திவைக்கப்பட்டது'. தென்காசிக்காரியின் ட்ரெய்னிங் முடியவில்லை என்று திடீரென்று அவர்களுக்கே ஞாபகம் வந்தது. சாம்பல் சட்டை நீலமாகவில்லை, அந்தச் சண்டை பாக்கி இருக்கிறது. என்னையும் அக்காவையும் எடுத்த போட்டோவை போர்டிலிருந்து யாரோ கிழித்துவிட்டார்கள். யார் என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன்.

எனக்கும் ஒன்று கிடைத்தது. 'உற்பத்தித் தேவை' என்று சொல்லி என்னை அடுத்த கட்டடத்துக்கு, யாரையும் தெரியாத ஒரு லைனுக்கு மாற்றினார்கள். பஸ்ஸும் வேறு, ஷிப்டும் வேறு. தனியாகப் பிரித்துப் போட்டால் இவள் வாய் அடங்கும் என்று கணக்கு. உள்ளதைச் சொல்கிறேன், போகும்போது எனக்கு ஆத்திரமாக இருந்தது. அங்கே மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும், யாருடைய முகமும் தெரியாது, எத்தனை நாள் ஆகுமோ என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

முதல் நாள். புது இடம், புது ஒயர், கை தடுமாறியது. பக்கத்தில் சாம்பல் சட்டையில் ஒரு சின்னப்பெண். எனக்குப் பாத்ரூம் போகவேண்டியிருந்தது. ரிலீவர் எங்கே என்று பார்த்தேன். அங்கேயும் அவளை ஓர் இடத்தில் நிறுத்திவைத்திருந்தார்கள். தெரியாத பெண்ணிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டு நின்றேன். அவள் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கை ஒயரைப் படுக்கவைத்துக்கொண்டே இருந்தது.

"போய்ட்டு வாக்கா, மெதுவா. நான் தாங்க மாட்டேன்" என்றாள்.

க்ளவுஸைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தேன்.